பேருந்து ஓட்டுநர் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

புறநோயாளர் சீட்டில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை அடுத்துத் தொழிலைக் குறிக்கவும் ஓர் இடம் உண்டு. பலர் அதனை நிரப்புவதில்லை. நிரப்புவோரும் ‘தனியார் பணி’ என்றோ ‘அரசுப் பணி’ என்றோ பொதுவாக எழுதிவிடுகின்றனர். கணக்கராகவோ கடை வைத்திருப்பவராகவோ இருப்பின் அதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் நாற்பது, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டுபவர் அந்த இடத்தை வெறுமையாக விடும்போது, மருத்துவர் எழுதும் மாத்திரை, அதனை உண்ணச் சொல்லும் வேளை, பரிந்துரைக்கும் ஓய்வு நாட்கள் ஆகிய மூன்றுமே பொருந்தாமற் போகக்கூடும். சளிக்கு எழுதப்படும் எளிய மாத்திரை ஒன்று வீட்டில் இருப்பவருக்கு நல்ல உறக்கத்தைத் தரும். ஓட்டுநருக்கோ அதே உறக்கம் சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வந்து சேரும்.

காரைக்கால் பேருந்தை நம்பி வாழும் ஊர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே கடலோரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. தன் தலைநகரை அடையவே தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் செல்ல வேண்டும். உயர் சிகிச்சைக்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லும் நம் நோயாளிகளிற் பெரும்பாலோர் விடியற்காலைப் பேருந்தையே நாடுகின்றனர். அப்பேருந்துகளை இயக்குவோர் புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகத்தினராயினும், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தினராயினும், தனியார் நிறுவனத்தாராயினும், அவர்களும் நம் தெருக்களில் வாழ்பவர்களே. நம் புறநோயாளர் வரிசையில் நிற்பவர்களே. இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்காகவும், அவர்களுடன் வாழும் மனைவி, மக்கள், பெற்றோருக்காகவும் எழுதப்படுகிறது.

அண்மைய நிகழ்வுகள் இரண்டு நினைவுகூரத்தக்கவை. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், திருப்பூர் மாவட்டம் வெள்ளக்கோவிலில் பள்ளி வாகனம் ஓட்டிச் சென்றவருக்கு வழியிலேயே மாரடைப்பு ஏற்பட்டது. அவர் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திய பின்னரே சரிந்தார். உள்ளே இருந்த ஏறத்தாழ இருபது குழந்தைகள் உயிர் தப்பினர், அவர் பிழைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம், பழனி அருகே ஓடிக்கொண்டிருந்த தனியார் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே உயிரிழந்தார். நடத்துநர் பாய்ந்து சென்று தம் கையாலேயே பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார். இவ்விரு நிகழ்வுகளையும் நாளேடுகள் வீரச் செயல்களாகப் போற்றின. போற்றத் தக்கவையே. எனினும் மருத்துவ நோக்கில் எழும் வினா வேறு: அந்த நாளுக்கு முந்தைய வாரங்களில் உடல் ஏதேனும் அறிகுறி காட்டியிருக்குமா? எல்லா மாரடைப்பும் முன்னறிவிப்போடு வருவதில்லை. ஆனால் படியேறும்போது மார்பில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, முன்பில்லாத மூச்சிரைப்பு ஆகியவை பலருக்கு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே தோன்றுகின்றன. ‘வாயுத் தொல்லை’ என்று சோடா அருந்திவிட்டுப் பணிக்குச் செல்வதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வியர்வையாகவும் மாரடைப்பு வரக்கூடும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமர்ந்தே கழியும் பணி

ஓட்டுநருக்கு இதய நோய் மிகுதியாக வருகிறது என்பது இன்று நேற்று கண்ட செய்தியன்று. ஜெரி மாரிஸ் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் போக்குவரத்துப் பணியாளர்கள் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். லண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்; நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பச் சூழல். ஆயினும் இதயத் தமனி நோய் ஓட்டுநர்களிடையே மிகுந்தும், நடத்துநர்களிடையே குறைந்தும் காணப்பட்டது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற இன்றைய பொது அறிவுக்கு அடித்தளமாக அமைந்த ஆய்வுகளில் இது ஒன்று.

மாரிஸ் அத்தோடு நிற்கவில்லை. பணியாளருக்குக் கழகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுகளையே எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு அகன்றிருந்தது. பணியிற் சேர்ந்த இளவயதிலேயே அந்த வேறுபாடு ஓரளவு இருந்தது என்பதும் புலப்பட்டது. எனவே பழி முழுவதையும் இருக்கையின் மீது சுமத்த இயலாது. ஆனால் நமக்குப் பயன்படும் பாடம் எளிது: காற்சட்டையின் இடுப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அகலுமாயின், தராசின்றியே அது ஓர் எச்சரிக்கை. நடைக்கட்டின் இறுதியில் கிடைக்கும் கால்மணி நேரத்தில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்வதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்தை நான்கு சுற்று நடந்து வருவது மருந்துச் சீட்டில் எழுதத்தக்க அறிவுரையே.

உறக்கம்

சாலையில் உயிர் குடிப்பவற்றுள் மதுவைப் பற்றி அனைவரும் பேசுகின்றனர். உறக்கமின்மையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வாகனம் ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருக்கு நிகராகக் குன்றுகிறது என்று காட்டியது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முதல் நடையை எடுப்பவர், இரவு ஒன்பது மணிக்கும் சக்கரத்தின் பின் அமர்ந்திருந்தால், ஒரு துளியும் அருந்தாமலே சட்டம் தடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டார் என்பது இதன் பொருள். மூச்சுக் காற்றைச் சோதிக்கும் கருவி இதனைக் காட்டாது.

களைத்த மூளை நம்மைக் கேளாமலே இரண்டு, மூன்று நொடிகள் உறங்கிவிடும். கண்கள் திறந்திருந்தும் இது நிகழலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து மூன்று நொடிகளில் 50 மீட்டர் ஓடிவிடும். அதாவது நான்கு பேருந்து நீளத்துக்கு அதனை ஓட்டுபவர் எவரும் இல்லை. உடலின் இயல்பான கடிகாரம் அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வரையிலும், மதிய உணவுக்குப் பின் இரண்டு முதல் நான்கு மணி வரையிலும் உறக்கத்தை வற்புறுத்துகிறது. வானொலியின் ஒலியைக் கூட்டுவது, முகத்தில் நீர் தெளிப்பது, வெற்றிலை மெல்லுவது ஆகிய எல்லாம் சில நிமிடங்களுக்கே உதவும். உண்மையில் உதவுவது உறக்கம் ஒன்றே: வண்டியை நிறுத்தி, ஒரு குவளை காப்பி அருந்தி, உடனே பதினைந்து அல்லது இருபது நிமிடம் கண்ணயர்ந்தால், எழும் வேளையில் காப்பியும் வேலை செய்யத் தொடங்கும். அதுவும் தற்காலிகமான கைகொடுப்பே அன்றி இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது.

இங்கே பணிநேரம் பற்றி ஒரு சொல். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பு வகுத்தது. ஐந்து மணி நேரப் பணிக்குள் அரைமணி இடைவேளையும், ஒருநாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் வரை ஒன்பது மணி நேரத் தொடர் ஓய்வும் வேண்டும் என்றது. நெடுந்தொலைவு வழித்தடங்களிலும் திருவிழாக் காலங்களிலும் மட்டும், உரிய ஒப்புதலோடு பத்து மணி வரை நீட்ட இடமளித்தது. தொழிற்சட்டங்கள் காலந்தோறும் மாறலாம். அவ்வளவுகள் உடலியலுக்குப் பொருந்துவன என்பது மாறாது. நம் கரையோரச் சாலைக்கோ திருவிழாக்கள் ஓய்வதே இல்லை. ஆனியில் மாங்கனித் திருவிழா, ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணி, நாகூர்க் கந்தூரி, இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி என்று சிறப்புப் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. விலக்காக அளிக்கப்பட்ட நேரம் விதியாகிவிடக் கூடாது என்பதே மருத்துவத் தரப்பின் கருத்து. ஒன்பது மணி நேர ஓய்வு என்பது வீடு சேர்ந்து, குளித்து, உண்டு, மீண்டும் பணிமனைக்கு வரும் நேரத்தையும் உள்ளடக்கியதே. உறக்கத்துக்கு எஞ்சுவது ஆறு மணி நேரமே. அந்த ஆறு மணி நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி ஒலிக்காமலும், விருந்தினரைக் காண எழுப்பாமலும் பார்த்துக்கொள்வது குடும்பத்தார் செய்யக்கூடிய பெரும் பாதுகாப்புப் பணி.

போதிய நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குகிறது என்றால் அது வேறு செய்தி. பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்றுபோய்த் திணறி எழுதல், காலையில் தலைவலி, வாய் வறட்சி ஆகியவை உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயைக் குறிக்கலாம். தொண்டையின் தசைகள் தளர்ந்து காற்றுவழி பத்து நொடிக்கும் மேலாக அடைபடுகிறது; மூளை திடுக்கிட்டு விழிக்கிறது; இது ஓர் இரவில் நூறு முறைக்கு மேலும் நிகழலாம். உறங்குபவருக்கு இது தெரியாது. அருகில் படுத்திருப்பவருக்கே தெரியும். ஆகையால் இந்நோயைப் பொறுத்தமட்டில் முதற்சான்று மனைவியின் வாய்மொழியே. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாதவர்கள் கட்டாயமாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். எடை குறைப்பும், இரவில் காற்றழுத்தம் தரும் முகமூடிக் கருவியும் நல்ல பயன் தருகின்றன. கணவர் விடும் குறட்டையை நகைப்புக்குரியதாகக் கருதி வீட்டிலேயே விட்டுவராமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரையும் மாத்திரைகளும்

நீரிழிவு வந்துவிட்டால் ஓட்டுநர் பணி போயிற்று என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. உண்மையில் ஓட்டுபவருக்கு உடனடி இடர் விளைவிப்பது உயர்ந்த சர்க்கரையைவிடத் திடீரெனத் தாழும் சர்க்கரையே. இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அதனை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இவ்விடர் மிகக் குறைவு. ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, கடலூரில் இறங்கி ஒன்பது மணிக்கு இட்டிலி உண்பவரை எண்ணிப் பாருங்கள்: உணவோடு சேர்ந்து செயல்பட வேண்டிய மருந்து நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் வேலை செய்திருக்கும். நடுக்கம், வியர்வை, பசி, மங்கிய பார்வை, பொருளற்ற எரிச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். மேலும் தாழ்ந்தால் தாம் எங்கிருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இத்தகைய மருந்து உட்கொள்ளும் ஓட்டுநர் பணிக்கு ஏறுமுன்னும், நீண்ட நடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் விரல்நுனிச் சோதனை செய்வது நலம். 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் உண்ட பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். அறிகுறி தோன்றினால் நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோசோ நீரில் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சர்க்கரை இயல்புக்கு வந்தாலும் மூளை முழுத்தெளிவு பெற முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை சக்கரத்தைத் தொடக் கூடாது. தம் பணிநேரத்தைச் சொன்னால், தாழ்சர்க்கரை விளைவிக்காத வேறு மாத்திரைக்கு மருத்துவர் மாற்றித் தருவதும் பெரும்பாலும் இயலும். சொல்லாதவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மற்ற மருந்துகளுள் கருத வேண்டியவை பல. சளி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் கலந்துள்ள குளோர்பெனிரமின் மயக்கம் தரும். அரிப்புக்குத் தரப்படும் செட்ரிசின் சிலருக்கு அவ்வாறே. மாற்று மருந்துகள் உள்ளன. நீரிழிவால் கால் எரிச்சல் உற்றவர்களுக்கு எழுதப்படும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தொடக்க நாட்களில் கண்ணை இழுத்து மூடச் செய்யும். உறக்க மாத்திரைகளும் டிரமடால் போன்ற வலிநீக்கிகளும் சொல்லவே வேண்டா. இவற்றை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்குவது ஓட்டுநருக்கு எவ்வகையிலும் தகாது. கண் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு விடப்பட்டால், பார்வை சில மணி நேரம் மங்கியே இருக்கும். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நீர் மாத்திரை பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக அதனைப் பெறும் ஓட்டுநர் பலர், வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் பணி நாட்களில் அதனை விட்டுவிடுகின்றனர். வெயிலில் நீரருந்தாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். சிறுநீரகக் கல்லும் தலைசுற்றலும் அதன் விளைவு. அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. மாத்திரையின் வேளையையோ வகையையோ மருத்துவர் மாற்றலாம். பேருந்து நிலையக் கழிப்பறையைச் சீராக வைக்க வேண்டியவர் வேறொருவர்.

உரிமத்தாளும் வேலையும்

ஓட்டுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தில் படிவம் 1 என்பது விண்ணப்பதாரர் தம் உடல்நிலை பற்றித் தாமே தரும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்பதே அதன் முதல் வினா. ஒவ்வொரு கண்ணாலும் நல்ல பகலொளியில் 25 மீட்டர் தொலைவில் உள்ள எண்பலகையைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்பன தொடர்கின்றன. பயணியர் வாகனம் ஓட்டுபவருக்கு மருத்துவர் சான்றளிக்கும் படிவம் 1-அ-வும் தேவை. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இவ்வகை உரிமம் ஐந்தாண்டு செல்லும். முன்னர் மூன்றாண்டாக இருந்தது. ஐந்தாண்டில் ஒருவருக்குக் கண்புரை முற்றலாம், சர்க்கரை தொடங்கலாம், இதயத் தமனி பாதி அடைபடலாம். தாள் மட்டும் ‘தகுதியுடையவர்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நாற்பது வயதைக் கடந்த ஓட்டுநர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டுவது இதனாலேதான். எதிர்வரும் வண்டியின் விளக்கு இரவில் முன்னைவிடக் கூசுகிறது என்றால் அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். சிறிய அறுவையில் தீரக்கூடியது.

நோயை மறைப்பதற்குக் காரணம் அறியாமை அன்று; வேலை போய்விடும் என்ற அச்சமே. அவ்வச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்ல இயலாது. எனினும் சட்டம் கைவிட்டுவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ தரமிறக்கவோ கூடாது என்றும், ஓட்ட இயலாதவரை அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. அரசுக்கு உரிமையான போக்குவரத்துக் கழகங்களும் இதில் அடங்கும். நிறங்களைப் பிரித்தறிய இயலவில்லை என்று தெலங்கானா அரசுப் பேருந்துக் கழகம் ஓர் ஓட்டுநரைப் பணி ஓய்வில் அனுப்பிய வழக்கில், மாற்றுப் பணிக்கு உரிய முயற்சி செய்யாமல் அனுப்பியது தவறு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தகுந்த பணி தருமாறு ஆணையிட்டது. தனியார் பேருந்து ஓட்டுநருக்கு இத்தகைய காப்பு மெலிந்தது என்பதே உண்மை. ஆனால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றவராயின், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். தம் பெயர் பதிவாகியுள்ளதா என்பதை நோய் வருமுன்னே கேட்டறிந்து வைப்பது நன்று.

மாரடைப்புக்குப் பின் மீண்டும் பேருந்து ஓட்டலாமா என்று பலர் வினவுகின்றனர். சிலர் ஓட்டலாம்; சிலர் ஓட்டலாகாது. இதயத்தின் எஞ்சிய திறன், நடைப்பட்டைச் சோதனையின் முடிவு, துடிப்பின் ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்து இதய மருத்துவரே முடிவு செய்வார். ‘உடம்பு நன்றாக இருக்கிறது’ என்ற உணர்வு அதற்குச் சான்றாகாது. வலிப்பு வந்தவர்க்கோ விடை கடுமையானது: மாத்திரையால் அடங்கியிருந்தாலும் பேருந்து ஓட்டுவது அவர்க்கு உரியதன்று.

பணியின் நடுவே மார்பில் இறுக்கமோ, ஒரு கையில் திடீர்ச் செயலிழப்போ, கண்ணில் இருளோ தோன்றினால், அடுத்த நிறுத்தம் வரை சென்றுவிடலாம் என்று எண்ண வேண்டா. இடப்புறம் ஒதுக்குங்கள், எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுங்கள், கைப்பிரேக்கைப் போட்டுப் பொறியை நிறுத்துங்கள், நடத்துநரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 108 எண்ணை அழைக்கச் செய்யுங்கள். நடத்துநரும் கைப்பிரேக் எங்குள்ளது, எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். பணிமனையில் அரைமணி நேரத்தில் இதனைக் கற்பித்துவிடலாம்.

பயணியருக்கும் பங்கு உண்டு. ஓட்டுநர் அடிக்கடி கொட்டாவி விடுகிறார், வண்டி கோட்டைவிட்டு விலகி விலகி வருகிறது, பிரேக் தாமதமாக விழுகிறது என்று கண்டால் பின்னிருந்து கூச்சலிடாமல் நடத்துநரிடம் மெல்லச் சொல்லுங்கள்; பத்து நிமிடம் நிறுத்தித் தேநீர் அருந்த வேண்டினால் மறுப்பவர் அரிது. அதனால் மருத்துவமனைக்குத் தாமதமாகும் என்று அஞ்சவும் வேண்டா.

நம் மருத்துவமனைக்கு வரும் ஓட்டுநர்கள், தாம் உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடையில் தாமே வாங்கியவை உட்பட, கையோடு கொண்டு வருக. கடந்த இரு வாரப் பணிமுறையை, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பதோடு, ஒரு தாளில் எழுதி வருக. இரவு உறக்கத்தில் உங்களைப் பார்ப்பவர் எவரோ, அவரையும் உடன் அழைத்து வருக. சீட்டுப் பதியும் இடத்தில், தொழில் என்ற வரிக்கு நேராகப் ‘பேருந்து ஓட்டுநர்’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.